விசில் யார் கழுத்தில்?

எங்கள் அக்காவுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் அலாரம். கேலியாக வைத்ததுதான். அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். ஆனால் சிரிக்கிற விஷயமில்லை அது என்பது, காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கப்போன அந்த மூன்று நாளில்தான் எனக்கு உறைத்தது.

அவள் மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானபோது, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்று நர்ஸம்மா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். ராத்திரியும்தான். விட்டா முதுகுல புண் வந்துடும்." கேட்டுக்கொண்டு நின்றது குடும்பமே. தலையை ஆட்டியது அக்கா ஒருத்திதான். அன்றைக்கு ஆட்டிய தலை ஏழு வருஷம் தலையணையில் ஒழுங்காகச் சாயவில்லை.

அதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஓட்டல்களில் இருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிப்பது அவள் பிரிவு. நீராவியில் முகம் சிவந்துபோய் வருவாள், ஆனாலும் வாய் ஓயாது. எந்த ஓட்டல் விரிப்பில் காப்பிக் கறை, எதில் லிப்ஸ்டிக் கறை என்று எங்களுக்குக் கதை கதையாகச் சொல்வாள். மாமியார் படுத்ததும் வேலையை விட்டாள். "ஊர்ல உள்ளவங்க தூங்கின விரிப்பெல்லாம் நான் மடிச்சேன். எனக்கு ஒண்ணு விரிச்சுப் படுக்க நேரம் வாய்க்கல பாரு" என்று பின்னாளில் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் புரட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கை தோளுக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில். அந்தக் கனத்த உடம்பு அவள் கையில் சத்தமில்லாமல் திரும்பும். திரும்பியதும் முதுகுக்குப் பின்னால் மடித்த துண்டு ஒன்றை அண்டை கொடுப்பாள். "அவ்வளவுதான் அத்தை, அவ்வளவுதான்" என்பாள். இதைச் சொல்லாமல் ஒரு நாளும் புரட்டியதில்லை.

அத்தான் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? அத்தான் தூங்கினார். அவர் டவுன் பஸ் டிரைவர். விடிவதற்கு முன்னால் முதல் வண்டி எடுக்க வேண்டும். "வண்டி ஓட்டறவன் தூங்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். வேலை முடிந்து வந்ததும் அம்மாவின் கால்மாட்டில் நிற்பார். "சாப்பிட்டியாம்மா?" என்பார். அம்மாவால் பதில் சொல்ல முடியாது என்பது தெரிந்தும் கேட்பார், பிறகு போய்விடுவார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட, அந்த உடம்பில் அவர் கை வைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கடுப்பை எடைக்குப் போட்டிருந்தால் ஒரு வண்டி வந்திருக்கும்.

போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் மாமியார் காலமானார். கடைசியாகத் துடைத்துவிட வந்த நர்ஸம்மா, "இத்தனை வருஷம் படுத்தவங்க உடம்புல ஒரு புண் கூட இல்லாம நான் பார்த்ததே இல்ல" என்று சொன்னார். அக்காவுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பரிசு அந்த வார்த்தை. வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி சொன்னார்கள். "போதும்மா, நீ பட்டது போதும். இனிமேலாவது நல்லாத் தூங்கு."

அவள் தூங்கவில்லை. படுப்பாள், கோழித் தூக்கமாகக் கொஞ்சம் கண் அசரும், அவ்வளவுதான். எழுந்து மாமியாரின் காலி அறைக்குப் போய்விட்டு வருவாள். பகலில் நின்றபடியே ஆடுவாள். கொதிக்கிற கெட்டிலைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாள். கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கருத்து, என்னைவிட இருபது வயது மூத்தவள் மாதிரி ஆகிவிட்டாள். உண்மையில் எங்களுக்குள் நாலு வயதுதான் வித்தியாசம். டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். அதை அவள் தொடவே இல்லை.

"மாத்திரை போட்டா கேக்காம போயிடும்டி" என்றாள்.

"என்ன கேக்காம போயிடும்? வீட்டுல யாரு இருக்கா கூப்பிட?"

அதற்கும் அவள் எழுந்து அந்தக் காலி அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "இப்படியே போனா உடம்பு ஒரு நாள் சொல்லாம விழுந்துடும்" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

இதற்கு அத்தான் கண்டுபிடித்த வைத்தியம்தான் காடு. தேசியப் பூங்காவுக்குள், மலையடிவாரத்தில், கூடாரம் போட்டுத் தங்க ஒரு முகாம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் டிப்போ ஆட்களோடு போயிருக்கிறாராம். "அங்க கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல, ஒண்ணுமே இல்ல. அவளுக்குச் செய்யறதுக்கு வேலையே இருக்காது" என்றார். ஒன்றுமே இல்லாத இடத்தில் எல்லாமே வேலைதான் என்பது ஆம்பளைகளுக்கு எந்தக் காலத்தில் புரிந்திருக்கிறது? துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்கள். நான் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் புகார் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதால் வாங்குவதுதான் என் சம்பளம். என் சொந்தக் கோபத்துக்குக் காடு தேவலை என்று நானும் கிளம்பினேன்.

பூங்காவின் பஸ் எங்களை வனக்காவலர் குடிசை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. காலையில் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி, அதை விட்டால் நடைதான். அங்கிருந்து மண்பாதையில் மூட்டை முடிச்சுகளைச் சுமந்துகொண்டு உள்ளே போனோம். மரங்களுக்கு நடுவே துப்புரவு செய்த சின்னச் சின்னத் திட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை மேஜை, கல் அடுக்கிய ஒரு தீக்குழி, குரங்கு கை வைக்காமல் சாப்பாட்டைப் பூட்டி வைக்க ஓர் இரும்புப் பெட்டி. தண்ணீருக்குப் பொதுவில் ஒரு அடிபம்பு. அதை ஒரு அடி அடித்தால் காடே கதறும். கக்கூஸ் என்பது நாலு பலகைத் தடுப்பும், ஒரு குழியும், மேலே தூவ ஒரு வாளி மரத்தூளும்.

வனக்காவலர் நல்ல உயரமான மனிதர், குரல் மட்டும் பூனைக்குட்டிக் குரல். கழுத்தில் மாட்டும் கயிறோடு ஒரு தகர விசிலை எடுத்து நீட்டினார்.

"இங்க ஒரே ஒரு சட்டம்தாங்க. குழியில தீ இருக்கற வரைக்கும் ஒருத்தர் முழிச்சிருக்கணும். முழிச்சிருக்கறவங்க கழுத்துல இது இருக்கணும். தீ குழியைத் தாண்டிடுச்சுன்னா ஊதுங்க, நாங்க ஓடி வருவோம். முறை மாத்திக்கும்போது விசிலையும் மாத்திக்கணும். தூங்கறவங்க கழுத்துல விசிலைப் பார்த்தேன்னா மறுநாளே வெளிய அனுப்பிடுவேன். சரி, முதல்ல யார் முறை?"

நானும் அத்தானும் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்குள் அக்கா கையை நீட்டிவிட்டாள். "என்கிட்ட குடுங்க. நான்தான் எப்படியும் முழிச்சிருப்பேன்."

போட்டாளா, கழற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஒரு மரக்கிளையை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். காட்டை! உதிர்ந்த இலையை ஒரு பக்கமாகக் குவித்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் நாலு இலை விழுகிறது. அண்ணாந்து மரத்தை ஒரு முறை முறைத்தாள்.

"அக்கா, இது காடு. இலை விழத்தான் செய்யும்."

"விழட்டும். அதுக்காகக் குப்பையில உட்கார முடியுமா?"

பிறகு பம்படிக்குப் போய்த் தண்ணீர் இறைத்தாள். கக்கூஸ் தடுப்பைக் கழுவினாள். பக்கத்துத் திட்டில் காற்றடிக்கும் மெத்தையோடு வந்திருந்த புதுமணத் தம்பதிக்கு அடுப்பு பற்றவைத்துக் கொடுத்தாள். அத்தானின் வைத்தியம் எந்த லட்சணத்தில் நடந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தீயை அணைத்துவிட்டு அவர்கள் இருவரும் பெரிய கூடாரத்திலும் நான் சின்னதிலுமாகப் படுத்தோம். விடிந்து வந்தபோது இருவர் முகமும் அடித்துப் போட்டது மாதிரி இருந்தது. அக்காவுக்குச் சரி, இவருக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கான விடை அன்று மத்தியானமே கிடைத்தது. சாப்பிட்டு முடித்து அத்தான் மரத்தடியில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார். நானும் அக்காவும் பலகை மேஜையில் உட்கார்ந்து ராத்திரிக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். சலவைக்கூடத்தில் அவளோடு விரிப்பு மடித்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் மூலையை மாற்றிப் பிடிப்பாளாம், மேஸ்திரி கத்துவாராம். "அப்ப நான் அவகிட்ட சொன்னேன்..." என்று ஆரம்பித்தவள், கத்தியை வைத்தாள். எழுந்தாள். கையை மேல்துணியில் துடைத்துக்கொண்டு பாய்க்குப் போனாள். மண்டி போட்டு, ஒரு கையை அத்தானின் தோளுக்கடியில் கொடுத்தாள், ஒரு கையை இடுப்புக்கடியில். அவரை அப்படியே இடப்பக்கம் புரட்டினாள். கிடந்த துண்டை மடித்து முதுகுக்கு அண்டை கொடுத்தாள். சட்டைக் காலரை நீவிவிட்டாள். "அவ்வளவுதான், அவ்வளவுதான்."

திரும்பி வந்து உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். "நான் சொன்னேன், ஏண்டி, உனக்கு நாலு மூலையில ஒரு மூலை கூடவா பிடிபடலைன்னு."

என் கையில் இருந்த கிழங்கு நழுவி உருண்டு போயிற்று. அத்தானைப் பார்த்தேன். புரண்டு படுத்த நிலையில் அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் விரலை வைத்தார்.

சாயங்காலம் தண்ணீருக்குக் கிளம்பியவரை விடாமல் பின்தொடர்ந்து பம்படியில் பிடித்தேன்.

"எத்தனை நாளா இது அத்தான்?"

"அம்மா போன ராத்திரியில இருந்து."

"தினமுமா?"

"தினமும்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. எனக்கே பழகிப் போச்சு. அவ கை வர்றதுக்கு முன்னாடியே முழிச்சுக்கறேன்."

"எழுப்பிச் சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவளுக்கே தெரியாதும்மா. பாதித் தூக்கத்துல பண்றா, பகல்லயும் அப்படித்தான். சொன்னா வெட்கத்துலயே செத்துடுவா." பம்புக் கைப்பிடியைப் பிடித்தபடி அடிக்காமல் நின்றார். "இன்னொண்ணும் இருக்கு. அவகிட்ட சொல்லிடாத. டிப்போல என்னை வண்டியில இருந்து இறக்கிட்டாங்க. சிக்னல்ல பச்சை விழுந்துடுச்சு, நான் எடுக்கல. பின்னாடி அத்தனை பேரும் ஹாரன் அடிக்கறாங்க, நான் ஸ்டியரிங் மேல சாஞ்சு தூங்கறேன். நல்லவேளை, ஓடிட்டு இருக்கும்போது இல்ல. இப்ப வண்டி கழுவற இடத்துல மேற்பார்வைன்னு நிக்க வச்சிருக்காங்க."

"அப்பவாவது தனியாப் படுத்திருக்கலாம். கதவைச் சாத்திட்டுப் படுக்கத்தான் உங்களுக்கு நல்லா வருமே."

சுருக்கென்று குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். குத்தியது. ஆனால் அவர் கோபப்படவில்லை.

"ஏழு வருஷம் அந்த ரூமுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. எங்கம்மா மூட்டை தூக்கி என்னை வளர்த்தவ. அவ கை காலைத் தொட்டா துணி மாதிரி தொங்கும்ல, அதைத் தொட எனக்குப் பயமா இருந்துச்சு. தூக்கம், டியூட்டி எல்லாம் சும்மா. பயம்தான். இப்ப உங்க அக்கா கை தோளுக்கடியில வரும்போது, ஓ, அம்மாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்னு தோணுது. எவ்வளவு பதமாப் புரட்டறா தெரியுமா? அதான் நான் பேசாம கிடக்கறேன்."

இந்த மனிதரைத் திட்டுவதற்கென்று ஏழு வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஏராளம். ஒன்று கூட வாய்க்கு வரவில்லை. "தண்ணியை அடிங்க, வாளி காலியா இருக்கு" என்றேன்.

ஆனால் என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். அன்று பொழுது சாய்ந்து, தீக்குழிக்குப் பக்கத்தில் நானும் அக்காவும் மட்டும் இருந்தபோது, டிப்போ விஷயம் உட்பட எல்லாவற்றையும் அவளிடம் போட்டு உடைத்துவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது என்று அத்தான் இன்றைக்கும் சொல்வார். சொன்னது சரிதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அக்கா முதலில் சிரித்தாள். "போடி, அவரையா? நானா?" என்றாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவள் முகம் மாறியது. தன் இரண்டு கைகளையும் தீ வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வண்டி ஓட்டறவர்டி அவர்" என்றாள். "யார் மேலயாவது ஏத்தியிருந்தா?"

கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது, அடக்கவில்லை. அத்தான் வந்து படுக்கக் கூப்பிட்டபோது அவள் எழவில்லை. "நீங்க போய்த் தூங்குங்க. தீ இருக்கு, நான் இருக்கேன். உள்ள வந்தா என் கை சும்மா இருக்காது" என்றாள். விசிலை இறுகப் பிடித்துக்கொண்டு, விறகைத் தள்ளித் தள்ளிவிட்டு, தீயை அணையவே விடாமல் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை.

விடிந்து நான் வெளியே வந்தபோது அதே இடத்தில்தான் இருந்தாள். குழியில் கொஞ்சம் கங்கு மிச்சம் இருந்தது. அவள் கண் இரண்டும் இரத்தம் கட்டியது மாதிரி சிவந்திருந்தது. கையில் கொடுத்த டீயைக் குடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். உடம்பு சொல்லாமல் விழுந்துவிடும் என்று டாக்டர் சொன்னது அப்போது என் காதுக்குள் கேட்டது. அன்றுதான் நாங்கள் கிளம்பும் நாள். இவளை இப்படியே பஸ் ஏற்றி, அதே வீட்டுக்கு, அதே காலி அறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு ஆயாசமாக இருந்தது.

அத்தான் கூடாரத்தில் இருந்து வந்தார். அவள் கையில் இருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விசிலைக் குடு."

"எதுக்கு?"

"என் முறை."

"விடிஞ்சிடுச்சுங்க. தீயும் அணையப் போகுது."

"அணையற வரைக்கும் ஒருத்தர் முழிச்சிருக்கணும்ல? நீ படு. நான் முழிச்சிருக்கேன்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்னது என்னவோ அவளுக்குப் புரியாத பாஷை மாதிரி பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் பளிச்சென்றது. ஏழு வருஷமாகவும் அதற்குப் பிறகும் நாங்கள் எல்லாரும் அவளிடம் தூங்கு, தூங்கு என்றுதான் சொல்லியிருக்கிறோம். எங்கள் அம்மா, நான், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரி, ஒருவர் பாக்கி இல்லை. நான் முழிச்சிருக்கேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

"நீங்க தூங்கிட மாட்டீங்களே?" என்று கேட்டாள்.

"மாட்டேன்."

"நடுவுல கண் அசந்துடுச்சுன்னா?"

"உன் தங்கச்சி எதுக்கு இருக்கா? விசிலை அவ கழுத்துல மாட்டிடுவேன்."

"அவளா? அவ உட்கார்ந்த இடத்துலயே தூங்குவா."

"இன்னைக்குத் தூங்க மாட்டேன்க்கா" என்றேன்.

அக்கா கயிற்றைத் தலை வழியாகக் கழற்றி, விசிலை மேல்துணியில் துடைத்து, அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கூடாரத்துக்குள் போகவில்லை. மரத்தடியில் கிடந்த பாயில் அப்படியே ஒருக்களித்தாள். நான் போர்வை எடுத்துக்கொண்டு வருவதற்குள் குறட்டை கேட்டது. என் அக்கா குறட்டை விடுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு அத்தான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்துத் திட்டுப் புதுமாப்பிள்ளை வாளியோடு பம்படிக்கு நடந்ததைப் பார்த்தார். ஓட்டமாக ஓடி அவனைத் தடுத்து நிறுத்தி, எங்கள் சமையல் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுபோய்ப் பம்பின் மூட்டு முழுக்க ஊற்றினார். காட்டையே கதற வைத்த பம்பு அன்று வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் கொடுத்தது. இரும்புப் பெட்டியின் கொண்டியில் துணியைச் சுற்றினார். ஒரு குரங்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

காலை வண்டி வரும் நேரம் ஆயிற்று. தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டதும் அத்தான் குடிசைப் பக்கம் விறுவிறுவென்று போனார், பின்னாலேயே நானும். வண்டி வந்து நின்றது. டிரைவர் ஹாரனில் கையை வைத்தார். அத்தான் கழுத்தில் விசில் ஆட, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"அண்ணே, அடிக்காதீங்க. உள்ள ஆள் தூங்குது."

"சரி, ஏறுங்க. நேரமாச்சு."

"நாங்க வரல. நீங்க எடுங்க."

"அடுத்த வண்டி சாயங்காலம்தான், தெரியும்ல?"

"தெரியும். நீங்க போங்கண்ணே."

வண்டி யாருக்காகவும் நிற்காது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், ஒரு வண்டியைத் தானாகப் போகவிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது திருப்பத்தில் மறையும் வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

உச்சிப் பொழுதுக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நாங்கள் இருவரும் கூடார முளைகளைச் சத்தமில்லாமல் பிடுங்கினோம். கூடாரத்தை மடித்தோம், பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக் கட்டினோம். கடைசியில் அந்தத் திட்டில் கட்டிய மூட்டைகளும், நடுவில் பாயில் அக்காவும்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்து, அடுத்துத் தங்க வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வனக்காவலர் வந்தார். குழிக்குள் குனிந்து சாம்பலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"நல்லா ஆறிடுச்சே. விசிலைக் குடுத்துடலாமே?" என்றார் அந்தப் பூனைக்குட்டிக் குரலில்.

அத்தான் விசிலை விரலுக்குள் மூடிக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க" என்றார்.

வனக்காவலர் பாயைப் பார்த்தார், அக்காவின் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தார், அத்தானின் கண்ணைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து சாம்பலைத் தொட்டார். "அடியில லேசா சூடு இருக்கற மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களை வேறு திட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நாங்கள் மூட்டைகள் மேல் உட்கார்ந்து காத்திருந்தோம். எனக்குக் கண் சொக்கியது, கிள்ளிக் கிள்ளி விழித்திருந்தேன். அத்தான் கண்ணை மூடவே இல்லை. வெயில் நகர்ந்து நகர்ந்து பாய்க்கு வந்தது, காலில் ஏறியது, கடைசியில் அக்காவின் முகத்துக்கே வந்துவிட்டது. இமை துடித்தது. எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அத்தான் எழுந்து போய்ப் பாயின் ஓரத்தில் மண்டி போட்டார். ஒரு கையைத் தோளுக்கடியில் கொடுத்தார், ஒரு கையை இடுப்புக்கடியில். எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு மெதுவாகத் தூக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இத்தனை மாதமாக அவள் கை அவர் உடம்பில் சொன்னதுதான். அவளை நிழல் பக்கமாகப் புரட்டினார். துண்டை மடித்து முதுகுக்கு அண்டை கொடுத்தார். அக்கா லேசாக முனகினாள்.

"அவ்வளவுதான்" என்றார் அத்தான், அவள் காதருகில் குனிந்து. "அவ்வளவுதான்."

அக்கா விழிக்கவில்லை.